ஒற்றை விரல் தேசத்தில் தாய்மாமன்

வேடசந்தூர் மாசிலாமணியை நேரில் அறியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அவருக்கும் பூங்கோதைக்கும் ஜாதகம் பார்த்தபோது பத்துப் பொருத்தமும் இருந்தது. புத்தியையும் பார்த்திருந்தால் பதினொன்று என்றிருப்பார் ஜோசியர். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் இருவரும் ஜாடிக்கேற்ற மூடி.

இந்த ஜோடிதான் போன வருஷம் அயர்லாந்துக்குப் போனது. அங்கே கால்வே ஊரில் நர்ஸாக இருக்கிறாள் மாசிலாமணியின் தங்கை நாகவல்லி. அவளுடைய மூன்று வயது மகள் நிறைமதிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியுமா? சனிக்கிழமை மாலை நாலே முக்காலிலிருந்து ஐந்தே முக்கால் வரை நல்ல நேரம். அதைத் தவறவிட்டால் மாமன் ஊர் திரும்பும்வரை வேறு நல்ல நாளே இல்லை.

டப்ளினில் வாடகைக் காரை எடுத்ததும் நாகவல்லி போனில் சொன்னாள்: "அண்ணே, பெரிய ரோடு வேணாம். கிராமத்து வழியா வாங்க, அண்ணிக்குப் பார்க்க அழகா இருக்கும். வழி தெரியலைன்னா பப்புல கேளுங்க. பீர் விக்கிற கடைதான், ஆனா குடும்பத்தோட போவாங்க. டீயும் கிடைக்கும்."

"சரிம்மா, பப்புல கேக்குறேன்."

பதினோரு மணிக்கு ஒரு முச்சந்தியில் வழி தப்பியது. ஓரத்தில் டோனல் என்ற விவசாயி சரிந்த கல்சுவரை அடுக்கிக்கொண்டிருந்தார். கார் தயங்கி நிற்பதைப் பார்த்து, தானாகவே வழி சொல்ல வந்தார். மாசிலாமணி பதறிப்போய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"சொல்லிடாதீங்க! பப்புலதான் கேக்கணும்!"

"அவருக்கு வழி தெரியும் போலிருக்கேங்க," என்றாள் பூங்கோதை.

"தெரிஞ்சா என்ன? தங்கச்சி சொன்ன இடத்துல கேக்க வேணாமா?"

"அப்ப இவரையே பப்புக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்."

அறிவுக்கொழுந்து! டோனலைப் பின் சீட்டில் ஏற்றி, மூன்று மைல் தள்ளியிருந்த பப்புக்குப் போனார்கள். ஒரு கிளாஸ் கருப்பு பீர் வாங்கிக் கொடுத்து, "இப்ப சொல்லுங்க" என்றார்கள். டோனல் நிதானமாகக் குடித்து முடித்தார். "என்னைப் பார்த்த இடத்துக்கே திரும்பிப் போங்க. அங்கேருந்து இடது பக்கம்" என்றார். எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் இரண்டாவது கிளாஸுக்காக அங்கேயே தங்கிவிட, இவர்கள் மட்டும் கிளம்பினார்கள்.

அப்போதுதான் வினை வந்தது. எதிரே வந்த கார்க்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார். அடுத்த காரிலும் அப்படியே. டிராக்டரிலும் அப்படியே. நம் பள்ளிக்கூடத்தில் ஒரு விரலைத் தூக்கினால் "சார், ஒண்ணுக்கு" என்று அர்த்தம். அதற்கு மேல் இவர்கள் படிக்கவில்லை.

"என்னங்க, இந்த ஊர்ல அத்தனை பேருக்கும் அவசரமா?"

"குளிர் நாடு. அப்படித்தான் இருக்கும்."

"அதை எதுக்கு நம்மகிட்ட கேக்குறாங்க?"

மாசிலாமணி யோசித்தார். அவர் யோசித்தால் யாருக்கும் நல்லதில்லை. "வாத்தியார் இல்லாத இடத்துல வேற யார்கிட்ட கேப்பாங்க? கேட்டும் விடலைன்னா பாவம், பூங்கோதை."

காரைக் குறுக்கே நிறுத்தினார். வந்தவர்களையெல்லாம் மடக்கி, "பின்னாடியே வாங்க" என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லி, பப்புக்கு அழைத்துப்போனார். வெளியூர்க்காரர் இவ்வளவு அன்பாகக் கூப்பிடுகிறாரே, ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று அவர்களும் போனார்கள். இந்த ஊர்வலம் மூன்று தடவை நடந்தது. கடைசியில் ஏழு கார், ஒரு டிராக்டர், ஒரு பால் லாரி. கழிப்பறை வாசலில் பூங்கோதை எல்லோரையும் வரிசையாக நிறுத்தினாள்.

"தள்ளாதீங்க, ஒவ்வொருத்தரா!"

பப்புக்காரி நோரீன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அது வணக்கம்ப்பா! ரோட்டுல பார்க்கிறவங்களுக்கு நாங்க வைக்கிற வணக்கம். யாராவது விரலைத் தூக்கினா நீங்களும் தூக்கினாப் போதும்."

"யார் தூக்கினாலுமா?"

"யார் தூக்கினாலும்."

மணி மூன்றே கால். பூங்கோதைக்கு அழுகையே வந்துவிட்டது. "மாமன் வரலைன்னு புள்ளை காது மூளியாவே இருந்துருமேங்க!" அதைப் பார்த்த டோனல் மூன்றாவது கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். பாதிக் கிளாஸோடு அவர் எழுந்ததை அந்தப் பப்பு அதுவரை பார்த்ததில்லையாம். பின் சீட்டில் உட்கார்ந்து வழி சொன்னார். பப்பில் ஏறிய ஆள் என்பதால் மாசிலாமணியும் கேட்டுக்கொண்டார்.

ஐந்தரைக்கு வீட்டுக்குள் நுழைந்தார்கள். காது குத்துபவர் ஊசியோடு தயார். நாகவல்லி சந்தனம் எடுக்க உள்ளே ஓடினாள். நிறைமதி மாமன் மடியில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, ஒற்றை விரலைத் தூக்கினாள்.

மாசிலாமணிக்குப் பெருமை தாங்கவில்லை. அவரும் விரலைத் தூக்கினார். குழந்தை மறுபடி தூக்கினாள். பூங்கோதையும் தூக்கினாள், டோனலும் தூக்கினார். குழந்தை நெளிந்துகொண்டே இரண்டு கையிலும் விரலைத் தூக்கினாள்.

"எத்தனை மரியாதை பாரு!" என்று மாசிலாமணியும் இரண்டு கையையும் தூக்கினார்.

நல்ல நேரத்துக்குள் காது குத்தியாயிற்று. மாசிலாமணி மட்டும் ஈர வேட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"பூங்கோதை, இந்த ஊர்ல மழை வீட்டுக்குள்ளயே பெய்யுது. அதுவும் வெந்நீர் மழை!"

பூங்கோதை காருக்கு ஓடிப்போய்க் குடையை எடுத்து வந்து, குழந்தை நனைந்துவிடாமல் அவள் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டாள்.