ஸ்லோவும் லேட்டும்

குருவுக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. சிஷ்யைக்குப் பள்ளிக்கூடம் போகிற பேரன் இருக்கிறான். கார் ஓட்டக் கற்கப் போனால் வயசெல்லாம் இப்படித் தலைகீழாகிவிடும்.

கண் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் இருந்த கணவரை அழைத்துவரக் கிளம்பியிருந்தார் கோமதியம்மாள். பக்கத்து சீட்டில் ஜெபராணி டீச்சர். பின்னால் ஒரு பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் பாதி ஊர். எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். பைக்கில் போன ஒருவன் எட்டிப் பார்த்து, “வீட்ல இருக்க வேண்டியதுதானம்மா” என்று இலவசமாகப் புத்தி சொல்லிவிட்டுப் போனான்.

கோமதியம்மாள் வண்டியை ஓரம் கட்டினார். அழுகை வந்துவிடும் போலிருந்தது.

“போதும் டீச்சர். நீங்களே ஓட்டுங்க. நாளையில இருந்து நான் வரல.”

“ஏம்மா?”

“நான் ரொம்ப ஸ்லோ. கத்துக்க வந்ததும் லேட்டு.”

“ரெண்டும் ஒண்ணா?”

“பின்ன? ஸ்லோவா போனா லேட்டுதானே.”

ஜெபராணி ரோட்டைப் பார்த்தார். பஸ் போனது. லாரி போனது. கடைசியாக ஒரு தண்ணீர் கேன் வண்டியும் போய், சாலை காலியானது.

“இப்ப போனவங்கள்ல யாராச்சும் உங்களுக்காகக் காத்திருந்தாங்களா?”

“இல்ல.”

“அப்ப அவங்களுக்கு நீங்க ஸ்லோ. அவ்வளவுதான். லேட்டுன்னு சொல்லணும்னா காத்திருக்கிற ஆளுதான் சொல்லணும்.”

“எங்க வீட்டுக்காரர் காத்திருக்காரே.”

“வாங்க, அவர்கிட்டயே கேப்போம்.”

வேறு வழியில்லாமல் கோமதியம்மாள் சாவியைத் திருப்பினார்.

ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் ஒற்றைக் கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தார் கணவர்.

“ரொம்ப லேட்டாயிட்டேனோ?”

“அதெல்லாம் இல்ல கோமதி. வண்டி குலுங்கவே கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டாரு. ஆட்டோக்காரங்க கூப்பிட்டாங்க, நான் ஏறல. நீ வரட்டும்னு இருந்துட்டேன்.”

கோமதியம்மாளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அவரைப் பின்சீட்டில் பத்திரமாக உட்காரவைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

“இப்ப சொல்லுங்க டீச்சர். நான் ஸ்லோவா, லேட்டா?”

“ஸ்லோதான்” என்றார் ஜெபராணி. “அதுக்காகத்தான் சார் இவ்வளவு நேரம் காத்திருந்தாரு.”