வெளியே தெரிந்த வால்

ஏரிக்கரைப் பொட்டலில் ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு குஞ்சுகளோடு வாழ்ந்து வந்தது. ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். குஞ்சுகளும் தரையில்தான் ஓடித் திரியும். ஆபத்து வந்தால் தாய் கத்தும். உடனே குஞ்சுகள் புதருக்குள் ஓடி அசையாமல் பதுங்க வேண்டும். பிழைக்க அவற்றுக்கு வேறு வழியில்லை.

மூன்று குஞ்சுகள் இதைச் சரியாகச் செய்தன. நான்கு நாள் பிந்திப் பொரிந்த கடைக்குட்டி சுண்டுதான் தாயின் உயிரை வாங்கியது. தாய் கத்தியதும் அதுவும் ஓடும். ஆனால் தலையை மட்டும் ஓர் இலைக்கடியில் நுழைத்துக்கொள்ளும். உடம்பும் வாலும் வெளியே கிடக்கும்!

"டேய் சுண்டு! வால் வெளியே இருக்குடா!"

"இல்லையே அம்மா! இங்கே ஒரே இருட்டு. எனக்கு ஒண்ணுமே தெரியலை!"

"உனக்குத் தெரியாதுடா. நரிக்குத் தெரியும்!"

"நரியை என்னால பார்க்க முடியலையே! அப்புறம் அது மட்டும் என்னை எப்படிப் பார்க்கும்?"

தாய்க்குத் தலை சுற்றியது. நாற்பது தடவை சொல்லியாயிற்று. நாற்பது தடவையும் இதே பதில்தான். பிள்ளை மந்தமா, பிடிவாதமா என்றே அதற்குப் புரியவில்லை.

ஒரு நாள் நரி தண்ணீர் குடிக்க வந்தது. புதருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலைப் பார்த்து நின்றது. தாய் பதறிப்போய், சிறகு ஒடிந்ததுபோல் நொண்டிக்கொண்டே நரியின் முன்னால் ஓடியது. நரி ஆசையோடு துரத்தியது. வெகுதூரம் போனதும் தாய் விருட்டென்று பறந்துவிட்டது.

மறுநாளும் அதே கதை. ஆனால் இந்த முறை நரி பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

"நேற்று இடது சிறகு, இன்றைக்கு வலது சிறகா? நாளைக்கு உன் பின்னால் வரமாட்டேன். அந்த வால் யாருடையது என்று பார்த்துவிட்டுத்தான் போவேன்!"

தாய் அழுதுகொண்டே சேற்றில் படுத்திருந்த எருமையிடம் போனது.

"எருமையக்கா, சொன்னது எதுவும் இவனுக்கு ஏற மாட்டேங்குதே! நான் என்ன செய்ய?"

"ரெண்டு போடு போடு. எல்லாம் ஏறும்!" என்றது எருமை, கண்ணைக்கூடத் திறக்காமல்.

தாய் சுண்டுவை நறுக்கென்று கொத்தியது. பிறகு கத்திப் பார்த்தது. சுண்டு அலறியடித்து ஓடித் தலையை இலைக்கடியில் இன்னும் ஆழமாகப் புதைத்துக்கொண்டது.

"இப்போ சரியா அம்மா?" என்றது விம்மியபடி. வால் பழையபடி வெளியேதான் இருந்தது.

கொத்தியதை நினைத்துத் தாய்க்கு நெஞ்சு வலித்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. உச்சி வெயில் கொளுத்தியது.

"அம்மா, முதுகு சுடுதும்மா!"

தாய் நிமிர்ந்தது. நரியின் கண்ணுக்கு என்ன தெரியும் என்பது இவனுக்குப் புரியாது. தன் முதுகு சுடுவது புரிகிறதே!

"நரியை விடுடா கண்ணு. இனிமே நான் கத்தினா, முதுகிலயும் வாலிலயும் வெயில் படாத இடமாப் பார்த்து உட்காரு!"

"இவ்வளவுதானா! இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

மறுநாள் நரி புதரைச் சுற்றிச் சுற்றி வந்தது. வாலைக் காணோம். அடுத்தடுத்த நாட்களிலும் அது ஏமாந்துதான் திரும்பியது.

பத்து நாள் போயிற்று. ஒரு காலையில் நரி மறுபடி வந்தது. தாய் கத்தியது. கத்திய பிறகுதான் வானத்தைப் பார்த்தது. எங்கும் கருமேகம்!

'ஐயோ, இன்று எங்குமே வெயில் இல்லையே! பிள்ளை பொட்டலிலேயே உட்கார்ந்துவிடுவானே!'

நரி நேராகப் புதருக்குப் போனது. குனிந்து பார்த்தது. சுற்றி வந்து பார்த்தது. பிறகு முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டது. தாயும் ஓடிவந்து தேடியது. அதன் கண்ணுக்கும் சுண்டு அகப்படவில்லை.

"சுண்டு! எங்கேடா இருக்கே?"

புதரின் அடியாழத்திலிருந்து சுண்டு வெளியே வந்தது.

"வெயிலே இல்லையேடா! அப்புறம் ஏன் உள்ளே போனே?"

"வால் வெளியே இருந்தா நரி பார்த்துடுமே அம்மா! நேத்து ஒரு தவளை சேத்துல தலையை விட்டுக்கிட்டுக் கிடந்தது. அது என்னைப் பார்க்கலை. ஆனா அதோட பின்னங்காலை நான் பார்த்தேன்! அப்போதான் நானே கண்டுபிடிச்சேன்!"

"அடப்பாவி! இதைத்தானே நான் நாற்பது தடவை சொன்னேன்!"

"நீயா? நீ வெயிலைப் பத்தித்தானே சொன்னே!" சுண்டு தாயை இரக்கத்தோடு பார்த்தது. "பரவாயில்லைம்மா, உனக்கும் போகப் போகப் புரியும்!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தாய் பிள்ளையைச் சிறகுக்குள் இழுத்து அணைத்துக்கொண்டது.

பிள்ளைகளுக்கு எதுவும் புரிவதற்கு அதற்கான வயது வர வேண்டும். அதுவரை அவர்களுக்குப் புரிகிற விதத்தில் சொல்லிக் காப்பாற்றுவதே பெரியவர்களின் கடமை.