குடுவைக்குள் போன ஆறு

முன்னொரு காலத்தில், மேகங்கள் இப்போதைவிடத் தாழப் பறந்த காலத்தில், மருதவனம் என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அதன் நடுவே ஓர் ஆறு. அந்த ஆற்றில் ஓடம் தள்ளிப் பிழைத்தவள் சிலம்பாயி. வாய்த்துடுக்குக்காரி. முடியாது என்று பட்டால், ராஜாவிடமும் “முடியாது” என்றே சொல்லுவாள்.

அந்த ராஜாவுக்குக் காரகண்டன் என்று ஒரு மந்திரவாதி வந்து வாய்த்தான். ஒருநாள் அவன் சபையில் எழுந்து, “மகாராஜா, நம் ஜனங்கள் ஒரு சொல்லுக்கு நாலு பொருள் வைத்திருக்கிறார்கள். தாங்கள் ஒன்று சொல்ல, அவர்கள் ஒன்று செய்கிறார்கள். இனி ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். மிச்சமெல்லாம் எனக்கு!” என்றான்.

ராஜாவுக்கு அது வசதியாகப் பட்டது. தலையை ஆட்டிவிட்டார்.

மந்திரவாதி முதலில் எடுத்த சொல், ‘ஆறு’. “இனி ஆறு என்றால் ஐந்துக்கு அடுத்த எண். வேறொன்றும் இல்லை!” என்று சொல்லி ஒரு செப்புக் குடுவையைத் திறந்தான்.

அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருந்த ஆறு சர்ரென்று குடுவைக்குள் போயிற்று. சிலம்பாயியின் ஓடம் மணலில் தட்டி நின்றது. அதோடு போயிற்றா? அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சி ஆறவில்லை. அழுத பிள்ளைகளின் மனம் ஆறவில்லை. அவள் புருஷன் தீர்த்தன் காலில் நண்டு கடித்த சின்னப் புண் இருந்தது, அதுவும் ஆறவில்லை. நாளுக்கு நாள் முழங்கால்வரை ஏறியது.

“அவனோடு மோதாதே, சிலம்பு. உன்னையும் ஏதாவது செய்துவிடுவான்” என்றான் தீர்த்தன், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு.

“முடியாது” என்றாள். துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே சபைக்குப் போனாள்.

“என் ஆற்றைக் கொடு.”

காரகண்டன் சிரித்தான். ஆறு கூழாங்கற்களை அள்ளி அவள் காலடியில் வீசினான். “ஆறுதானே? எண்ணிக்கொள்.”

“எண் யாருக்கு வேண்டும்? தண்ணீர் ஓடுமே அந்த ஆறு. புண் ஆறுமே அந்த ஆறு. வாங்காமல் போகமாட்டேன்.”

அவனுக்குக் கண் சிவந்தது. “கல்!” என்று கத்தினான்.

அவள் கல்லாய்ச் சமைய வேண்டும் என்பது அவன் எண்ணம். பாதம் சில்லிட்டு மரத்தது. ஆனாலும் நிமிர்ந்து, “கல் என்றால் கற்றுக்கொள் என்றும்தானே பொருள்? சரி, கற்கிறேன்!” என்றாள். பாதத்தில் மறுபடி சூடு பரவியது.

மந்திரவாதியின் முகம் வெளுத்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் சிலம்பாயிக்குப் புரிந்துபோயிற்று. கேட்பவர் எடுத்துக்கொள்ளும் பொருளில்தான் இவன் மந்திரம் பலிக்கும். இரண்டாம் பொருளைக் கண்டு இவன் நடுங்குவது அதனால்தான்!

“உறை!” என்றான் அடுத்து. பனியாய் உறைந்துபோகச் சொன்னான். அவள் விரல் நுனி விறைத்தது.

“உறைகிறேன். இந்த மண்டபத்திலேயே குடியிருக்கிறேன்” என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். விரல்கள் இளகின. பக்கத்தில் இருந்த குடுவையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“போதும் அம்மா, எழுந்து போய்விடு” என்று ராஜா கெஞ்சினார்.

“முடியாது.”

காரகண்டனுக்கு வாயில் நுரை தள்ளியது. அவளை உடைந்த ஓடாக்கிவிட நினைத்து, மண்டபமே அதிரக் கத்தினான். “ஓடு!”

சிலம்பாயி குடுவையின் மூடியைத் திருகி எறிந்தாள். “கேட்டாயா? உன்னைத்தான் சொல்கிறான். ஓடு!” என்றாள்.

ஆறு கேட்டது. ஓடிற்று!

தூணைச் சுற்றி, படி இறங்கி, கோட்டை வாசலை முட்டித் திறந்துகொண்டு ஓடிற்று. காரகண்டனையும் புரட்டிக்கொண்டு போயிற்று. எங்கே கரை ஒதுங்கினானோ, தெரியாது. அன்று மாலையே கஞ்சி ஆறியது. பிள்ளைகள் வயிறாரக் குடித்தார்கள். தீர்த்தனின் புண் ஆறி, அவன் காலூன்றிக் கரைக்கு நடந்துவந்தான்.

ராஜா ஒரு புது ஓடத்தோடு வந்து நின்றார். சிலம்பாயி ஓடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

“உன் கோபம் ஆறிற்றா, அம்மா?” என்று கேட்டார்.

“இன்னும் இல்லை, மகாராஜா. ஆறினால் சொல்லி அனுப்புகிறேன். இப்போது ஏறுங்கள், ஜனங்கள் காத்திருக்கிறார்கள்.”

ராஜா ஏறி, மீன்கூடைக்காரிக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். கதை கேட்டவர்கள் எல்லாரும் நலமாய் இருங்கள். அக்கரை போகிறவர்கள் ஏறிக்கொள்ளுங்கள்.