ஆணையர் வாசலில் குப்பைத்தொட்டி

பேச்சியம்மாவுக்கு நகராட்சியில் குப்பை அள்ளும் வேலை. அன்றைக்கு ரிட்டயர்மென்ட். எடுக்காமல் விட்ட லீவுக்குப் பணம் வரும், கண் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றிருந்தாள்.

"நிதி இல்ல. வரி வசூலானா பார்க்கலாம்" என்றார் ஆணையர். "போ, பாக்கி வச்சவன் வாசல்ல எல்லாம் குப்பைத்தொட்டியை வை. நாத்தம் தாங்காம கட்டுவான்."

முதல் தொட்டி நகராட்சி அலுவலக வாசலுக்கே வந்தது. வரி கட்ட வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"இங்க ஏன் வச்சே?" மாடி ஜன்னலிலிருந்து கத்தினார் ஆணையர்.

"எனக்குப் பாக்கி இங்கதானே ஐயா."

"எடு அதை!"

"பணம் கட்டினா எடுத்துடறதுதானே ஐயா, நம்ம ஆபீஸ் வழக்கம்?"

மத்தியானம் காசோலையோடு இறங்கி வந்தார் ஆணையர்.

"கண்ணு தெரியல. நீங்களே வாசிச்சிடுங்க."

மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

"வரிசையில கடைசி ஆளுக்குக் கேக்கலையாம் ஐயா."

ஆணையர் மூக்கிலிருந்து கையை எடுத்தார்.