பெல்ஜியம் நாச்சிமுத்து

ஆனைமலைச் சாலையில் சாக்லேட் செய்யும் பட்டறை வைத்திருந்தாள் சுபத்ரா. வயது முப்பத்திரண்டு. அவளிடம் தொழில் கற்க வந்தவர்களில் மூத்தவர் கோட்டூர் நாச்சிமுத்து. அறுபதைத் தாண்டியவர், தென்னைக்கு ஊடே கோகோ வைத்திருக்கும் விவசாயி. அவள் அவரை ஐயா என்பாள். அவர் அம்மணி என்பார். சந்தேகம் என்று வந்துவிட்டால் மட்டும் குருவே என்பார். கேலியா மரியாதையா என்று அவள் கேட்டதில்லை.

ஒரு நாள் காலையில் வந்தவர் உட்காரவே இல்லை.

“குருவே, மக கல்யாணத்துத் தாம்பூலப் பையில என் சாக்லேட்டைப் போடறேன். உறையில பெல்ஜியம்னு அச்சடிச்சுக்கட்டுமா?”

“எதுக்குங்க ஐயா?”

“நிச்சயத்தன்னைக்கு ரெண்டு தட்டு வெச்சேனுங்க. ரெண்டும் என் தோட்டத்துக் கோகோ, ஒரே அரவை. ஒண்ணுல கோட்டூர்னு எழுதினேன். இன்னொண்ணுல, சாக்லேட்டுக்குப் பேர் போன நாடாச்சே, சும்மா பாக்கலாமேன்னு, பெல்ஜியம்னு எழுதினேன்.”

“என்னாச்சு?”

“பெல்ஜியம் பத்து நிமிஷத்துல காலி. கோட்டூரை ஒருத்தர் கடிச்சுட்டு, கசக்குதுன்னு வெச்சுட்டாரு. சம்பந்தியம்மா பெல்ஜியத்தை வாயில போட்டுக் கண்ணை மூடிட்டாங்க. ‘என்ன இருந்தாலும் வெளிநாடு வெளிநாடுதான்’னாங்க. எம்மக கோகிலவாணியே, ‘கல்யாணத்துக்கும் இதையே வாங்கிருங்கப்பா, உங்களுது வேண்டாம்’ங்கறா.”

சுபத்ரா சிரித்துவிட்டாள்.

“நீங்க பக்கத்துலதான நின்னீங்க?”

“தட்டைப் புடிச்சுட்டே நின்னேன்.”

“நான் செஞ்சதுன்னு சொல்லலீங்களா?”

“வாய் வரலீங்க.”

“கல்யாணப் பத்திரிகை இருக்குதுங்களா?” என்றாள் சுபத்ரா.

பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஓரத்தில் மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. ‘கோட்டூர் நாச்சிமுத்து அவர்களின் மகள்’ என்ற இடத்தில் கோட்டூரைப் பேனாவால் அடித்தாள். மேலே பெல்ஜியம் என்று எழுதினாள்.

“அட, என்னங்க அம்மணி! பத்திரிகையில போய்க் கை வெக்கறீங்க!”

“மாப்பிள்ளை வீட்டுல மதிப்பா இருக்குமுங்களே.”

“ஊர் பேரை அடிச்சா நான் யாருன்னு சனத்துக்கு எப்படித் தெரியும்?”

“தெரிய வேண்டாம். வந்தவங்க எல்லாம் நல்லாருக்குன்னுட்டுப் போவாங்க. நீங்களும் கூட நின்னு ஆமான்னுக்குங்க.”

நாச்சிமுத்து பத்திரிகையைப் பிடுங்கி விரலால் தேய்த்தார். மை பரவியதே தவிரப் போகவில்லை.

“வாதத்துக்கு நல்லாருக்குதுங்க,” என்றார் கோபமாக. “கோட்டூர்னு போட்டா எவனும் தொட மாட்டான். அதுக்குப் பதில் சொல்லுங்க.”

“தொட மாட்டாங்க.”

“எம்மக தலை குனியணும்.”

“குனிய வேண்டி வரலாமுங்க.”

“அப்புறம் பெல்ஜியத்துக்காரனுக்கு மட்டும் என்ன? அந்த மண்ணுல காய்க்கற கோகோ அப்படிப்பட்டதா?”

சுபத்ரா அரவை எந்திரத்தை நிறுத்தினாள்.

“அங்க கோகோத் தோட்டமே கிடையாதுங்க ஐயா. அந்தக் குளிர்ல நிக்காது. கொட்டையை நம்மளை மாதிரி யார் தோட்டத்துல இருந்தோதான் வாங்கறாங்க.”

நாச்சிமுத்து அப்போதுதான் உட்கார்ந்தார்.

“மரமே இல்லாமயா ஊர் பேரைப் போட்டான்?”

“செஞ்சது அவங்கதானுங்களே. கூசாமப் போட்டாங்க.”