ஒற்றைக் கறுப்புச் சக்கரம்

“குருவே, இந்தக் கீறல் வெளியே தெரியக்கூடாது. வழி சொல்லு.”

கேட்டவள் வேதநாயகி. வயது ஐம்பதைத் தாண்டியவள். அவள் குருவே என்று அழைத்தது எதிர்வீட்டு ரிஸ்வானாவை. கல்லூரி முடித்து வேலைக்குப் போகிற பெண். தன் காரின் சக்கரங்களுக்கு வாசலிலேயே ரப்பர் பெயின்ட் ஸ்ப்ரே அடித்து அழகு பார்ப்பவள். வேண்டாமென்றால் உரித்தெடுத்துவிடலாம் என்பதுதான் அந்த ஸ்ப்ரேயின் விசேஷம்.

வேதநாயகி கார் ஓட்டப் பழகி, அன்றுதான் முதல்முறை தனியாக எடுத்தாள். கேட் தூணில் முன்சக்கரத்தை உரசிவிட்டாள்.

கணவர் குமாரவேல் மறுநாள் மாலை ரயிலில் ஊர் திரும்புகிறார். “ஒரு கீறல் விழுந்தாலும் சாவி என் கைக்கு வந்துடணும்” என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

சாவியைக் கொடுக்க அவளுக்கு மனமே இல்லை.

“எத்தனை சக்கரத்துக்குக்கா?”

“இது ஒண்ணு போதும்.”

ரிஸ்வானா வீட்டுக்குள் போய் ஸ்ப்ரே டப்பாவோடு வந்தாள். டப்பாவைக் குலுக்கிக் கையில் கொடுத்தாள்.

வேதநாயகி சக்கரத்தைக் கழுவித் துடைத்தாள். டயரைச் சுற்றி டேப் ஒட்டினாள். பூசியதே தெரியக்கூடாதென்று பயந்து பயந்து, லேசாக அடித்தாள்.

காய்ந்ததும் தள்ளி நின்று பார்த்தாள். வெள்ளைக் காரில் மூன்று வெள்ளிநிறச் சக்கரங்களோடு ஒரே ஒரு கறுப்புச் சக்கரம்.

அந்தப் பக்கம் வந்த வாட்ச்மேன் பிச்சமுத்து நின்றார்.

“என்னம்மா, அந்த வீலுக்கு என்ன ஆச்சு?”

கீறலோடு நின்றபோது யாருமே கேட்காத கேள்வி. வேதநாயகி ரிஸ்வானாவிடம் திரும்பினாள்.

“மத்த மூணுக்கும் அடிச்சிடவா?”

“அடிக்கலாமே. ஏன் அடிச்சேன்னு சார் கேட்டா?”

ஒரு பொய்யை யோசித்தாள். அது நிற்க இன்னொரு பொய் தேவைப்பட்டது. அலுத்துப்போயிற்று.

“உரிச்சிடறேன்” என்று உட்கார்ந்தாள்.

நகத்தால் சுரண்டினாள். துணுக்குத் துணுக்காக வந்தது. பாதி ஒட்டிக்கொண்டே நின்றது.

“வரமாட்டேங்குதே, குருவே!”

“மெல்லிசா இருக்குக்கா. அதான்.”

“அப்போ எப்படித்தான் எடுக்கிறது?”

ரிஸ்வானா மறுபடியும் டப்பாவை நீட்டினாள்.

“எடுக்க வழி கேட்டா பூசச் சொல்றியே!”

“பயப்படாம பூசுங்க.”

பூசினாள். காயவிட்டுப் பூசினாள். கறுப்பு மொத்தையாக ஏறியது. யார் நின்று பார்த்தாலும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. டப்பா காலியான பிறகுதான் எழுந்தாள்.

மறுநாள் ஓரத்தைக் கிள்ளி இழுத்தாள். முழுசாகக் கழன்று கையோடு வந்தது.

திருப்பிப் பார்த்தாள். உள்பக்கத்தில் கீறல் அச்சாகப் பதிந்திருந்தது. விரலால் தடவினாள். இத்துனூண்டு கீறல். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இப்ப என்ன பண்றது, குருவே?”

“போன் அடிக்குது, எடுங்க.”

குமாரவேல்தான். “வண்டி சரியான நேரத்துக்கு வந்துடும். ஆட்டோ பிடிச்சுக்கிறேன்.”

“வேண்டாம். நான் கார் எடுத்துட்டு வர்றேன்.”

“நீயா? கார் நல்லாத்தானே இருக்கு?”

“கேட்ல உரசிட்டேன். முன்வீல்ல கீறல். வந்து பாருங்க.”

“அப்போ சாவி...” என்று ஆரம்பித்தார் அவர்.

“வீட்டுக்கும் நான்தான் ஓட்டுவேன்” என்றாள் வேதநாயகி. “நீங்க பக்கத்துல உட்காருங்க.”