சுரைக்காய் ஆறு

ஊமத்தம்பட்டியில் ஆறு வறண்டு வெகுநாளாச்சு. பரிசல்காரன் மருதையன் பரிசலைக் கவிழ்த்துப்போட்டு, அதற்குள் கோழி வளர்த்துக்கொண்டிருந்தான். "தொழில் இல்லாத மனுசனோட என்னால குப்பை கொட்ட முடியாது. எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்று அவன் பெண்டாட்டி செவத்தாயி மாமியார் கண்முன்னாலேயே தினமும் மூட்டை கட்டுவாள். அம்மா வீடு அக்கரையில். பரிசல் ஓடாமல் எப்படிப் போவது? மூட்டையை அவிழ்த்துவிடுவாள்.

அப்போது ஒரு விதை வியாபாரி வந்து ஊராருக்கு விதைச் சுரைக்காய் கொடுத்தான். "ஆளுக்கொண்ணு வெச்சுக்குங்க. காயுற வரைக்கும் உங்க கண்ணு முன்னாலயே தொங்கட்டும். எல்லாத்துக்கும் ஒண்ணுபோல காத்துப் படணும்."

சொன்னபடியே செய்தார்கள். ஊர் மந்தைவெளியில் நீள மூங்கில் ஒன்றைக் கட்டினார்கள். நெட்டையன் முதல் குட்டையன் வரை அதன்கீழ் வரிசையாக நின்று, அவனவன் கண்ணுக்கு நேரே அவனவன் காயைத் தொங்கவிட்டான். நெட்டையனின் காய்க்குக் கயிறு குட்டை. குட்டையனின் காய்க்குக் கயிறு நீளம். பிறகு, ஒண்ணுபோலக் காற்றுப் படவேண்டுமே என்று, ஒரு பலகையால் எல்லாக் காயையும் சேர்த்துத் தள்ளிப் பிடித்து, சட்டென்று விட்டார்கள்.

முதலில் எல்லாம் ஒன்றாகத்தான் ஆடின. அப்புறம் குட்டைக் கயிற்றுக் காய் முந்தியது, நீளக் கயிற்றுக் காய் பிந்தியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசை வளைந்து, பாம்பாய் நெளிந்து, அலையலையாய் ஓடத் தொடங்கியது.

"காய்களுக்குள்ள சண்டை வந்திருச்சு" என்றான் நெட்டையன்.

"சண்டைன்னா சத்தம் வருமேப்பா" என்றான் குட்டையன்.

நாட்டாமை குப்பாண்டி தாடையைத் தடவினார். "அலை அடிக்குது. அலை எங்கடா அடிக்கும்?"

"ஆத்துலங்க."

"அப்ப இது என்ன?"

ஊரே வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டது.

மருதையன் கோழிகளை விரட்டிவிட்டு, பரிசலை உருட்டிவந்து காய்களுக்கு அடியில் போட்டு ஏறினான். ஒரு காய் மண்டையில் இடித்தது. "மீன் துள்ளுது!" என்று கத்தினான்.

திடீரென்று காய்களெல்லாம் பழையபடி ஒரே வரிசையில் வந்தன.

"ஐயையோ, வத்திப்போச்சு!"

மறுபடி அலை கிளம்பியது.

"இல்லடா, மேற்கே நல்ல மழை!"

மருதையன் எதிரே இருந்த தன் வீட்டைப் பார்த்துக் கூவினான். "ஏ புள்ள, ஆறு வந்துருச்சு! இனி நீ போக வேண்டாம்!"

செவத்தாயி மூட்டையோடு வந்து பரிசலில் உட்கார்ந்தாள். "இப்பத்தானே போக முடியும். எடுய்யா பரிசலை."

மருதையன் எடுத்த துடுப்பைக் கீழே வைத்தான். ஆனாலும் இத்தனை நாள் கழித்து வந்த முதல் சவாரி. மாட்டேன் என்று எப்படிச் சொல்வான்? அழுதுகொண்டே துடுப்புப் போட்டான். காய்கள் ஓயும்போதெல்லாம் ஊரார் பலகையால் தள்ளிவிட்டு உதவினார்கள். பொழுது சாய்கையில் கை ஓய்ந்துபோய், "அக்கரை வந்துருச்சு, இறங்கு" என்றான்.

அவள் இறங்கி எதிரே இருந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தது மருதையனின் அம்மா.

"அம்மா! இப்படி இளைச்சுப்போயிட்டியே! எங்க மாமியா மாதிரியே ஆயிட்ட!"

மாமியார் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "வாடி என் மகளே. அந்தப் பய உன்னை என்ன பாடு படுத்தினானோ!"

மருதையன் வாசலில் கைகட்டி நின்றான். "அத்தை, இப்ப எனக்குத் தொழில் இருக்கு. அவளை என்னோட அனுப்பி வையுங்க."

அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மனசு இளகிவிட்டது.

"அதுக்கென்ன மாப்பிள்ளை. ஆனா இருட்டுற நேரத்துல ஆத்தைக் கடக்க வேணாம். இங்கயே தங்கிட்டு, காலையில உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."